டிஎன்ஏ சேதமடைந்தால் செல் ஏன் இறக்கிறது? பி53 மரபணுவும் புற்றுநோயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் செல்களில் டிஎன்ஏ எவற்றால் சேதமடைகிறது?

ஒவ்வொரு செல்லிலும் நாள்தோறும் பல்லாயிரக்கணக்கான சிறு சேதங்கள் டிஎன்ஏவில் நேர்கின்றன. இவற்றில் பெரும்பகுதி வெளியிலிருந்து வருவதில்லை. செல்லுக்குள் இருக்கும் நீரும், ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றலைப் பெறும்போது உண்டாகும் வினைமிகு மூலக்கூறுகளுமே முதன்மைக் காரணங்கள். வெயிலின் புறஊதாக் கதிர்கள், எக்ஸ் கதிர்கள், புகையிலைப் புகை, சில பூஞ்சைகளின் நச்சு ஆகியவை இவற்றோடு சேர்ந்துகொள்கின்றன. இச்சேதங்களை வகைவாரியாகச் சரிசெய்யும் நொதிக் குழுக்கள் எல்லாச் செல்களிலும் உள்ளன. அவை இயங்கும் முறையை விளக்கியதற்காகவே தாமஸ் லிண்டால், பால் மோட்ரிச், அஸீஸ் சன்ஜார் ஆகியோர் 2015ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசைப் பெற்றனர்.

டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் அறுந்துபோவதுதான் மிக ஆபத்தான சேதம். ஓர் இழை மட்டும் கெட்டிருந்தால் மற்றதைப் பார்த்து அதைத் திருத்திவிடலாம். இரண்டுமே அறுந்துவிட்டால் அந்த வசதி அந்த இடத்தில் இல்லை. அந்நிலையில் செல் பிரிந்தால் குரோமோசோமின் ஒரு துண்டு தொலைந்துபோகலாம், அல்லது வேறொரு குரோமோசோமோடு தவறாக ஒட்டிக்கொள்ளலாம்.

சேதம் நேர்ந்ததைச் செல் எப்படி அறிந்துகொள்கிறது?

இரட்டை இழை அறுந்ததை முதலில் உணர்ந்து செயல்படுபவற்றில் ஏடிஎம் என்னும் நொதி முக்கியமானது. வழக்கமாக இரண்டிரண்டாக இணைந்து ஓய்வில் இருக்கும் இந்த நொதி, அறுந்த முனைகள் தென்பட்டதும் பிரிந்து, பிற புரதங்களின்மேல் பாஸ்பேட் தொகுதிகளை ஏற்றத் தொடங்குகிறது. டிஎன்ஏ நகலெடுக்கும் பணி நடுவில் தடைப்படும்போதும், புறஊதாக் கதிர் பட்டபோதும் ஏடிஆர் என்னும் உறவு நொதி இதே வேலையைச் செய்கிறது. ஏடிஎம் மரபணு இரு பிரதிகளிலும் கெட்டுப் பிறக்கும் குழந்தைகளுக்கு அட்டாக்சியா டெலாஞ்சியெக்டேசியா என்னும் நோய் வருகிறது. அவர்களுக்கு நடை தள்ளாடும். கதிர்வீச்சைத் தாங்கும் திறன் மிகக் குறைவு. இரத்தப் புற்றுநோயும் நிணநீர்ப் புற்றுநோயும் வரும் வாய்ப்பு பிறரைவிடப் பல மடங்கு அதிகம்.

ஏடிஎம் அனுப்பும் செய்தி வந்து சேரும் முதன்மையான இடம் பி53 என்னும் புரதம்; அதை உண்டாக்கும் மரபணுவுக்கும் அதே பெயர்தான். நலமான செல்லிலும் பி53 இடைவிடாமல் உற்பத்தியாகிக்கொண்டே இருக்கிறது; ஆனால் எம்டிஎம்2 என்னும் மற்றொரு புரதம் அதைப் பிடித்து அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருப்பதால் செல்லில் அது மிகக் குறைவாகவே தங்குகிறது. குழாயும் திறந்து, அடியில் வடிகாலும் திறந்து கிடக்கும் தண்ணீர்த் தொட்டியின் நிலை இது. வடிகாலை அடைத்தால் போதும், மட்டம் தானாக உயர்ந்துவிடும். சேதம் நேர்ந்ததும் ஏடிஎம் செய்வதும் அதுவே: பி53ஐயும் எம்டிஎம்2வையும் வேதிமாற்றத்துக்கு உள்ளாக்கி, இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாதபடி செய்துவிடுகிறது. புதிதாக எதையும் தயாரிக்கக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால் பி53 விரைவில் பெருகிவிடுகிறது. பெருகிய பி53, எம்டிஎம்2 மரபணுவையும் சேர்த்தே இயக்கிவிடுவதால், சேதம் சரியானதும் மட்டம் மறுபடி தணிந்துவிடும்.

பி53 எப்போது, எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது?

1979இல். குரங்குகளில் காணப்படும் எஸ்வி40 என்னும் வைரஸ் செல்களைப் புற்றுச் செல்களாக மாற்றுவது எப்படி என்று ஆராய்ந்துகொண்டிருந்த பல குழுக்கள், அந்த வைரஸின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் ஒரு செல் புரதத்தை ஏறத்தாழ ஒரே காலத்தில் கண்டன. லண்டனில் டேவிட் லேன், லயனல் கிராஃபோர்டு ஆகியோரும், பிரின்ஸ்டனில் ஆர்னால்டு லெவினும் அவர்களில் அடங்குவர். அதன் மூலக்கூறு எடை 53,000 அளவுக்குத் தென்பட்டதால் அந்த எண்ணே பெயராகிவிட்டது. உண்மையில் 393 அமினோ அமிலங்களைக் கொண்ட இப்புரதத்தின் எடை 44,000க்குச் சற்றுக் குறைவு. புரோலின் என்னும் அமினோ அமிலம் மிகுந்த பகுதி ஒன்று இருப்பதால், எடையை மதிப்பிட உதவும் ஜெல்லில் மெதுவாக நகர்ந்து, எடை கூடியதாகக் காட்டியிருக்கிறது.

அதன்பின் பத்தாண்டு காலம் பி53 புற்றுநோயைத் தூண்டும் மரபணு என்றே கருதப்பட்டது. ஆய்வகங்களில் புழங்கிய பிரதிகள் பலவும் புற்றுச் செல்களிலிருந்து எடுக்கப்பட்டவை. அவை ஏற்கெனவே பிறழ்ந்திருந்தன என்பது பின்னர்தான் புரிந்தது. 1989இல் பெர்ட் வோகல்ஸ்டைன் குழு பெருங்குடல் கட்டிகளில் இம்மரபணு தொலைந்தும் பிறழ்ந்தும் இருப்பதைக் காட்டியது. நலமான பி53 புற்றுமாற்றத்தைத் தடுக்கிறது என்பதை லெவின் குழு நிறுவியது. 17ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில் இருக்கும் இம்மரபணு இன்று புற்றுநோய் ஆய்வில் மிக அதிகமாக ஆராயப்பட்ட மரபணுக்களுள் ஒன்று.

பழுதுபார்ப்பதா, பிரிவதை நிறுத்துவதா, இறப்பதா? இதை முடிவு செய்வது எது?

பி53 தானாக எந்தச் செல்லையும் கொல்வதில்லை. நான்கு பி53 மூலக்கூறுகள் ஒன்றுசேர்ந்து டிஎன்ஏவின் குறிப்பிட்ட இடங்களில் அமர்ந்து, பிற மரபணுக்களை இயங்கச் செய்கின்றன. அவற்றுள் ஒன்றான பி21, செல் பிரிதலை நிறுத்திவைக்கிறது. அந்த இடைவெளியில் பழுது சரிசெய்யப்படுகிறது. பழுது நீங்காமல் நிறுத்தம் நிரந்தரமாகிவிட்டால், செல் உயிரோடு இருந்தும் இனி ஒருபோதும் பிரியாத மூப்பு நிலைக்குப் போகிறது. பியூமா, நாக்சா போன்ற வேறு சில மரபணுக்கள் இயங்கினால் செல் இறக்கிறது.

எந்த வழி என்பது சேதத்தின் அளவையும், பி53 எவ்வளவு நேரம் உயர்ந்திருக்கிறது என்பதையும், எல்லாவற்றுக்கும் மேலாக அது எந்த வகைச் செல் என்பதையும் பொறுத்தது. தைமஸ் சுரப்பியில் இருக்கும் இளம் நோயெதிர்ப்புச் செல்கள் கதிர்வீச்சு பட்ட சில மணி நேரத்தில் இறந்துவிடுகின்றன. அதே அளவு கதிர்வீச்சு பட்ட இணைப்புத் திசுச் செல்களோ பெரும்பாலும் இறப்பதில்லை. பிரிவதை மட்டும் நிறுத்திக்கொள்கின்றன.

1993இல் வெளியான ஒரு சோதனையை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்; என் கருத்தில் இத்துறையின் மிகத் தெளிவான சோதனைகளில் அதுவும் ஒன்று. பி53 மரபணு நீக்கப்பட்ட எலிகளின் தைமஸ் செல்களை இரு குழுக்கள் தனித்தனியே கதிர்வீச்சுக்கு உட்படுத்தின. வழக்கமாக மடிய வேண்டிய அச்செல்கள் மடியவில்லை. ஆனால் அதே செல்களுக்கு ஸ்டீராய்டு ஹார்மோன் கொடுத்தபோது அவை மற்ற எலிகளின் செல்களைப் போலவே இறந்தன. அதாவது, இறப்பதற்கான உறுப்புகள் எல்லாம் செல்லில் பழுதின்றி இருந்தன. டிஎன்ஏ சேதத்திலிருந்து அவற்றுக்குக் கட்டளை போய்ச் சேரும் பாதை மட்டுமே அறுந்திருந்தது.

அந்த இறப்பு எப்படி நடக்கிறது?

நுண்ணோக்கியின் கீழ் பார்த்தால், செல் முதலில் சுருங்கி அண்டைச் செல்களிலிருந்து விலகுகிறது. அதன் மேற்பரப்பு கொப்புளம் கொப்புளமாகப் புடைக்கிறது. உட்கரு இறுகிச் சிறு உருண்டைகளாக உடைகிறது. முடிவில் சவ்வால் மூடப்பட்ட துணுக்குகளாகச் செல் பிரிய, பக்கத்துச் செல்களும் விழுங்கு செல்களும் அவற்றை உட்கொண்டுவிடுகின்றன. உள்ளிருப்பது வெளியே கொட்டாததால் அழற்சி உண்டாவதில்லை. இந்த இறப்பு முறையை 1972இல் ஜான் கெர், ஆண்ட்ரூ வில்லி, அலஸ்டர் கரி ஆகிய மூவர் விவரித்து, அப்போப்டோசிஸ் என்று பெயரிட்டனர். தீக்காயத்திலோ இரத்தம் தடைப்பட்ட இடத்திலோ செல் வீங்கி வெடித்துச் சாவது இதிலிருந்து வேறானது.

உள்ளே நடப்பது இது. பியூமா, நாக்சா புரதங்கள் பெருகும்போது, செல்லின் ஆற்றல் நிலையங்களான மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் பாக்ஸ், பாக் என்னும் புரதங்கள் விடுவிக்கப்பட்டுத் துளைகள் இடுகின்றன. ஆற்றல் உற்பத்தியில் பங்கெடுத்துக்கொண்டிருந்த சைட்டோகுரோம் சி அத்துளைகள் வழியே வெளியேறி, ஏபாஃப்-1 என்னும் புரதத்தோடு சேர்ந்து சக்கர வடிவான ஒரு பெரும் கூட்டமைப்பை உண்டாக்குகிறது. அதன்மேல், புரதங்களை வெட்டும் நொதியான காஸ்பேஸ்-9 விழித்தெழுந்து காஸ்பேஸ்-3ஐ வெட்டித் தூண்ட, அது செல்லின் நூற்றுக்கணக்கான புரதங்களை வெட்டத் தொடங்குகிறது. காஸ்பேஸால் விடுவிக்கப்படும் ஒரு நொதி டிஎன்ஏவை ஏறத்தாழ 180 எழுத்துகளின் மடங்குகளாக நறுக்குவதால், ஆய்வகத்தில் அந்த டிஎன்ஏவை ஜெல்லில் ஓட்டும்போது ஏணிப்படிகள் போன்ற பட்டைகள் தெரியும்.

இந்த மரபணுக்கள் மனிதருக்கே உரியவை அல்ல. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்னும் புழுவின் வளர்ச்சியில் உருவாகும் 1,090 உடற்செல்களில் சரியாக 131 செல்கள் இவ்வாறு இறக்கின்றன. அவற்றைக் கட்டுப்படுத்தும் மரபணுக்களை ராபர்ட் ஹார்விட்ஸ் கண்டறிந்தார். சிட்னி பிரென்னர், ஜான் சல்ஸ்டன் ஆகியோரோடு அவருக்கு 2002இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. பரிணாமத்தில் நம்மிடமிருந்து அவ்வளவு தொலைவில் இருக்கும் ஒரு புழுவின் மரபணுக்களுக்கு நம்மிடம் நேரடி இணைகள் இருப்பது, செல் இறப்பு எவ்வளவு தொன்மையான ஏற்பாடு என்பதைக் காட்டுகிறது.

பிசிஎல்-2 என்று சொல்லப்படுவது என்ன?

மேலே சொன்ன துளைகள் விழாமல் காக்கும் புரதம். ஃபாலிகுலர் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோயில் 14, 18ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் இம்மரபணு ஓயாமல் இயங்கத் தொடங்கிவிடுகிறது. 1988இல் மெல்போர்னில் டேவிட் வாக்ஸும் அவருடைய குழுவினரும், பிசிஎல்-2 செல்களை வேகமாகப் பிரியச் செய்வதில்லை, இறக்கவேண்டிய நேரத்தில் இறக்கவிடாமல் செய்கிறது என்று காட்டினர். செல்கள் அளவுமீறிப் பெருகுவதுதான் புற்றுநோய் என்று அதுவரை எண்ணப்பட்டது. இறக்க மறுப்பதும் புற்றுநோய்க்கு வழி என்பது அப்போதுதான் உறுதியானது.

பி53 மரபணு கெட்டுப்போனால் என்ன ஆகும்?

மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதியில் இம்மரபணு பிறழ்ந்திருக்கிறது. சினைப்பையில் தோன்றும் மிகத் தீவிரமான சீரஸ் வகைப் புற்றுநோயில் 95 சதவீதத்துக்கும் மேல். பெரும்பாலான பிறழ்வுகள் மரபணுவை முழுதாக அழிப்பவை அல்ல. டிஎன்ஏவைப் பற்றும் பகுதியில் ஒரேயொரு அமினோ அமிலத்தை மாற்றுபவை. நான்கு மூலக்கூறுகள் சேர்ந்தே இயங்க வேண்டியிருப்பதால், கெட்ட பிரதியிலிருந்து வரும் மூலக்கூறு நல்லவற்றோடு கலந்து அவற்றின் வேலையையும் கெடுத்துவிடுகிறது.

இம்மரபணுவின் தனிச்சிறப்பு என்னவென்றால், எது அதைக் கெடுத்தது என்பதற்கான தடயம் சில வேளைகளில் அதிலேயே பதிந்திருக்கிறது. தோல் புற்றுநோய்களில் அடுத்தடுத்த இரண்டு சைட்டோசின் எழுத்துகள் தைமினாக மாறியிருப்பது புறஊதாக் கதிர் பட்டதன் அடையாளம். புகைபிடிப்போரின் நுரையீரல் புற்றுநோயில் அடிக்கடி கெடும் இடங்கள், புகையிலைப் புகையிலுள்ள பென்சோபைரீன் என்னும் வேதிப்பொருள் போய் ஒட்டிக்கொள்ளும் இடங்களோடு பொருந்துவதை 1996இல் காட்டினர். ஈரம் சரியாகக் காயாத நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் பிடிக்கும் ஒரு பூஞ்சை உண்டாக்கும் அஃப்லாடாக்சின், 249ஆம் இடத்தில் ஆர்ஜினினைச் செரினாக மாற்றுகிறது. சீனத்தின் சிதோங் பகுதியிலும் தென்னாப்பிரிக்க வட்டாரத்திலும் கல்லீரல் புற்றுநோயாளிகளிடம் இந்த மாற்றம் மிகுந்து காணப்பட்டதை 1991இல் இரு குழுக்கள் வெளியிட்டன. பூசணம் பிடித்த கடலையை வறுத்தாலும் இந்த நச்சு முழுமையாக நீங்காது. அதனால் கசந்த, நிறம் மாறிய கடலையைத் தயங்காமல் தூக்கி எறிய வேண்டும்.

புகையிலை மெல்லும் பழக்கம் பரவலாக உள்ள இந்தியாவில், ஈறும் கன்னமும் சேரும் இடத்தில் வரும் வாய்ப் புற்றுநோயின் மரபணுக்களை 2013இல் ஓர் இந்தியக் கூட்டுக்குழு ஆராய்ந்தது. அடிக்கடி பிறழ்ந்திருந்தவற்றில் பி53 மரபணுவோடு, காஸ்பேஸ்-8 என்னும் இறப்பு நொதியின் மரபணுவும் இருந்தது.

பி53 பிறழ்ந்தாலே புற்றுநோய் வந்துவிட்டது என்று பொருளா?

இல்லை. நாள்பட வெயில் பட்ட தோலிலும், முதியோரின் உணவுக்குழாயிலும், பி53 பிறழ்ந்த செல்களின் சிறு கூட்டங்கள் எந்த நோயும் இல்லாதவர்களிடமே காணப்படுகின்றன. அவற்றில் மிகச் சிலவே, வேறு பல பிறழ்வுகளும் சேர்ந்தபின், புற்றுநோயாக மாறுகின்றன.

மரபணு கெடாமலேயே பி53 செயலிழக்க முடியுமா?

முடியும். கருப்பைவாய்ப் புற்றுநோயில் பெரும்பாலும் பி53 மரபணு நலமாகவே இருக்கும். ஆனால் மனிதப் பாப்பிலோமா வைரஸின் 16, 18 போன்ற வகைகள் உண்டாக்கும் இ6 என்னும் புரதம், உருவாகும் பி53ஐ உடனுக்குடன் அழிவுக்கு அனுப்பிவிடுகிறது. இதை 1990இல் கண்டறிந்தனர். இவ்வைரஸுக்குத் தடுப்பூசி இருக்கிறது. அதை உரிய வயதில் போட்டுக்கொள்வது இந்த வழியைத் தொடக்கத்திலேயே அடைப்பதாகும். எலும்பிலும் தசை போன்ற மென்திசுக்களிலும் தோன்றும் சார்கோமா என்னும் புற்றுநோயின் சில வகைகளில் எம்டிஎம்2 மரபணுவின் பிரதிகள் பெருகிப்போய் இதே விளைவை உண்டாக்குகின்றன.

இது பரம்பரையாக வருமா?

அரிதாக வரும். ஃபிரெடரிக் லீ, ஜோசஃப் ஃபிராமெனி என்னும் அமெரிக்க மருத்துவர்கள் 1969இல் சில குடும்பங்களை விவரித்தனர். அக்குடும்பங்களில் குழந்தைகளுக்குத் தசையிலும் எலும்பிலும் சார்கோமா, இளம்பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய், மூளைக் கட்டி, அட்ரினல் சுரப்பிக் கட்டி என்று அடுத்தடுத்துப் புற்றுநோய்கள் வந்தன. பிறவியிலேயே கெட்ட பி53 பிரதி ஒன்று அவர்களிடம் இருப்பது 1990இல் தெரிந்தது. பெற்றோரில் ஒருவருக்கு அது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரும் வாய்ப்பு 50 சதவீதம். தெற்கு பிரேசிலில் 337ஆம் இடத்தில் நேர்ந்த ஒரு பழைய பிறழ்வு வழிவழியாகப் பரவியிருப்பதால், உலகின் பிற பகுதிகளைவிட அங்கே குழந்தைகளுக்கு அட்ரினல் கட்டி அதிகமாக வருகிறது. லீ-ஃபிராமெனி நிலை உள்ளவர்களுக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சையே புதிய கட்டிகளைத் தூண்டக்கூடும் என்பதால், மருத்துவர்கள் இயன்றவரை அதைத் தவிர்த்து, எக்ஸ் கதிர் பயன்படுத்தாத எம்ஆர்ஐ ஸ்கேன் மூலம் உடல் முழுவதையும் தவறாமல் கண்காணிக்கின்றனர்.

பி53 புற்றுநோயைத் தடுப்பது செல்லைக் கொல்வதன் மூலம் மட்டும்தானா?

நீண்ட காலம் அப்படித்தான் நம்பப்பட்டது. ஆனால் பியூமா, நாக்சா, பி21 மூன்றுமே நீக்கப்பட்ட எலிகளை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் உருவாக்கி 2013இல் அறிக்கை வெளியிட்டபோது, அந்த எலிகளின் செல்கள் சேதத்துக்குப் பின் நிற்கவுமில்லை, சரியாக இறக்கவுமில்லை. ஆயினும் பி53 இல்லாத எலிகளைப் போல அவற்றுக்குத் தானாகக் கட்டிகள் வரவில்லை. டிஎன்ஏ பழுதுபார்ப்பையும் செல்லின் வளர்சிதை மாற்றத்தையும் நெறிப்படுத்துவது உள்ளிட்ட பிற வேலைகளும் பி53இன் பாதுகாப்பில் பெரும்பங்கு வகிக்கின்றன என்பதே இதன் பொருள். பாடநூல்களில் வரும் எளிய படம், அதாவது சேதம், பி53, செல் இறப்பு, புற்றுநோய்த் தடுப்பு என்னும் ஒற்றை வரிசை, தவறில்லை என்றாலும் முழுமையானதும் இல்லை.

அப்படியானால் பி53ஐ அதிகமாக்கிவிட்டால் புற்றுநோயே வராதா?

எப்போதும் ஓங்கி இயங்கும் பி53 கொண்ட எலிகளைப் பற்றிய ஓர் ஆய்வு 2002இல் வெளிவந்தது. அவற்றுக்குக் கட்டிகள் குறைந்தன. ஆனால் அவை காலத்துக்கு முன்பே மூப்படைந்தன: எலும்பு மெலிந்தது, தசை வற்றியது, காயம் ஆறத் தாமதமானது. அதே ஆண்டு வேறொரு குழு, பி53 மரபணுவின் கூடுதல் பிரதியை அதற்குரிய இயல்பான கட்டுப்பாட்டுப் பகுதிகளோடு சேர்த்துப் புகுத்தியபோது, மூப்பு விரையாமலேயே பாதுகாப்பு கூடியது. ஆகவே அளவைவிட, வேண்டிய நேரத்தில் எழுந்து வேண்டாதபோது அடங்குவதே இன்றியமையாதது.

யானை இதை இயற்கையிலேயே செய்திருக்கிறது. மனிதரைவிடப் பன்மடங்கு அதிகச் செல்களோடு நெடுநாள் வாழ்ந்தும் யானைக்குப் புற்றுநோய் அரிது. அதன் மரபணுத் தொகுப்பில் பி53இன் பிரதிகள் 20 இருப்பதை 2015இல் இரு குழுக்கள் வெளியிட்டன. கதிர்வீச்சு பட்ட யானையின் இரத்த வெள்ளை அணுக்கள் மனித அணுக்களைப் போல ஏறத்தாழ இரு மடங்கு அளவில் அப்போப்டோசிஸ் அடைந்தன.

கீமோதெரபியும் கதிர்வீச்சும் இதோடு எப்படித் தொடர்புடையவை? முடி ஏன் கொட்டுகிறது?

அவற்றில் பல, டிஎன்ஏவை வேண்டுமென்றே சேதப்படுத்திப் புற்றுச் செல்லை இறப்புக்குத் தள்ளுபவை. பி53 பெரும்பாலும் நலமாக இருக்கும் விதைப்பைப் புற்றுநோய், பரவிய நிலையிலும் சிஸ்பிளாட்டின் மருந்துக்குக் கட்டுப்பட்டுக் குணமாவதற்கு இதுவும் ஒரு காரணம். நோயாளியை வாட்டும் பக்கவிளைவுகளில் சிலவற்றுக்கும் இதுவே காரணம். முடியின் வேர், குடலின் உட்படலம், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றின் நலமான செல்களும் தத்தம் பி53இன் கட்டளைக்குப் பணிந்து மடிகின்றன. பி53 நீக்கப்பட்ட எலிகளுக்கு சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்னும் கீமோதெரபி மருந்தைக் கொடுத்தபோது முடி கொட்டவில்லை என்பது இதற்குச் சான்று.

இந்த அறிவிலிருந்து புதிய மருந்துகள் வந்திருக்கின்றனவா?

வந்திருக்கின்றன. மிக அழகான எடுத்துக்காட்டு வெனடோகிளாக்ஸ். இது பிசிஎல்-2 புரதத்தின் பிடியை நேரடியாகத் தளர்த்துவதால், பி53இன் கட்டளைக்குக் காத்திருக்காமலேயே செல் இறக்கிறது. அதனால்தான் 2016இல் அமெரிக்காவில் இது முதலில் அனுமதிக்கப்பட்டதே, 17ஆம் குரோமோசோமின் குட்டைக் கையை இழந்த, அதாவது பி53 தொலைந்த, நாள்பட்ட லிம்போசைட்டிக் இரத்தப் புற்றுநோயாளிகளுக்கு. பழைய மருந்துகளுக்கு மிகக் குறைவாகவே பலன் தெரிந்த கூட்டம் அது.

டிஎன்ஏ பழுதுபார்ப்பில் பங்கெடுக்கும் பிஆர்சிஏ மரபணுக்கள் கெட்டுப்போய் இரட்டை இழை அறுவைச் சரிசெய்ய இயலாத புற்றுச் செல்களில், மற்றொரு பழுதுபார்ப்பு நொதியையும் தடுத்து அவற்றைச் சாகச் செய்வது ஒலாபரிப் போன்ற மருந்துகளின் வழி. எம்டிஎம்2வைத் தடுத்து நலமான பி53ஐ விடுவிக்கும் மருந்துகளும் சோதிக்கப்பட்டு வருகின்றன. அவற்றால் இரத்தத் தட்டணுக்கள் குறைந்துவிடுவது பெரிய இடையூறு. கெட்ட பி53ஐயே நேராக்குவது இன்னும் கடினமாகத்தான் இருக்கிறது.

மஞ்சள் போன்ற உணவுகள் பி53ஐத் தூண்டிப் புற்றுநோயைக் குணமாக்கும் என்கிறார்களே?

ஆய்வகக் கிண்ணத்தில் வளரும் செல்களின்மேல் ஊற்றும்போது எத்தனையோ பொருள்கள் பி53ஐ உயர்த்துகின்றன. மஞ்சளிலுள்ள குர்குமினும் அவற்றுள் ஒன்று. ஆனால் உண்ணும் குர்குமின் குடலிலிருந்து இரத்தத்தில் மிகச் சொற்பமாகவே சேர்கிறது. அது மனிதரின் புற்றுநோயைக் குணமாக்கும் என்று நிறுவப்படவில்லை. சமையலில் தாராளமாகச் சேருங்கள். அதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

என் பயாப்சி அறிக்கையில் பி53 குறிப்பிடப்பட்டிருக்கிறது. என் பிள்ளைகளுக்கும் வருமா?

பெரும்பாலும் வராது. கட்டியில் காணப்படும் பி53 பிறழ்வுகளில் மிகப் பெரும்பாலானவை வாழ்நாளில் அந்த ஒரு திசுவில் மட்டும் ஏற்பட்டவை. அவை சந்ததிக்குக் கடத்தப்படுவதில்லை. கட்டியின் மெல்லிய சீவலைச் சாயமேற்றிப் பார்க்கும் சோதனையில், செல்களின் உட்கருக்கள் எல்லாம் அடர்பழுப்பாகத் தெரிந்தால், அழிக்கப்படாத கெட்ட பி53 குவிந்திருக்கிறது என்று பொருள் கொள்வர். சாயம் சற்றும் ஏறாமல் இருப்பதும் இயல்பானதன்று; அது பி53 அறவே உருவாகவில்லை என்பதைக் காட்டும். அங்கங்கே மங்கலாகத் தெரிவதுதான் நலமான பி53இன் அடையாளம். ஆகவே அறிக்கையில் எதிர்மறை என்றிருப்பதைப் பார்த்து நிம்மதியோ, நேர்மறை என்றிருப்பதைப் பார்த்து அச்சமோ கொள்ளாமல், எந்த வகைச் சாயப் பாங்கு என்று நோய்க்குறியியல் மருத்துவரிடம் கேட்டுத் தெளிவது நல்லது. மிக இளம் வயதிலேயே நோய் வந்திருந்தாலோ, சார்கோமா, அட்ரினல் கட்டி, மூளைக் கட்டி போன்றவை குடும்பத்தில் வேறு சிலருக்கும் இருந்தாலோ, இரத்த மாதிரியிலிருந்து பிறவிப் பிறழ்வு உள்ளதா என்று பார்க்கும் தனிச் சோதனையைப் பற்றி மரபணு ஆலோசகரிடம் கேட்க வேண்டும்.